கிளின்டனை விசாரித்தது உறவுக்காகவா, பொய்க்காகவா?

ஒரு நில பேரத்தை விசாரிக்கப் போனவர்கள் எப்படி அமெரிக்க ஜனாதிபதியின் அந்தரங்கத்தில் போய் நின்றார்கள், இரண்டு பேர் மனம் ஒப்பி வைத்துக்கொண்ட உறவைப் பற்றிப் பொய் சொன்னதற்காக பில் கிளின்டனைப் பதவியிலிருந்து இறக்கப் பார்த்தது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒரு தலைவரின் பாலியல் நடத்தை எந்த இடம் வரைக்கும் அவருடைய சொந்த விஷயம், எந்த இடத்தில் அது மற்றவர்கள் கேட்டே ஆக வேண்டிய விஷயமாகிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் அடியில் இருப்பதாகப் படுகிறது. அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் அமெரிக்காவில் 20 வருஷத்துக்கு மேலாகப் பணியிடப் பாலியல் தொல்லை வழக்குகளை நடத்தி வருகிறேன், பெரும்பாலும் புகார் கொடுத்தவர்களின் பக்கம். என் பார்வை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஜனாதிபதி மீது நாடாளுமன்றம் குற்றம் சாட்டி, விசாரித்துப் பதவி நீக்கும் முறையான இம்பீச்மென்ட் பற்றிய சட்டம் என் துறை இல்லை. அந்த இடம் வரும்போது ஒரு சாதாரண வாசகருக்கு உள்ள உரிமையோடுதான் பேசுவேன்.

எல்லாரும், கிளின்டன் உறவு வைத்திருந்த வெள்ளை மாளிகைப் பயிற்சி ஊழியர் மோனிகா லூயின்ஸ்கியில் இந்தக் கதையை ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியது பாலா ஜோன்ஸில். 1991 மே 8 அன்று ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், எக்ஸெல்சியர் என்ற ஹோட்டலில் ஒரு மாநாடு நடந்தது. கிளின்டன் அப்போது அந்த மாநிலத்தின் ஆளுநர், ஜோன்ஸ் மாநில அரசின் ஊழியர், வரவேற்பு மேசையில் வேலை. ஆளுநரின் காவலுக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர் தன்னை மேலே ஓர் அறைக்கு அழைத்துப் போனதாகவும், அங்கே ஆளுநர் தன்னிடம் அசிங்கமாக நடந்துகொண்டதாகவும் அவர் சொன்னார். கிளின்டன் அதை மறுத்தார். 1994 மே 6 அன்று, மூன்று வருஷக் காலக்கெடு முடிய இரண்டே நாள் இருக்கும்போது, 7 லட்சம் டாலர் கேட்டு ஜோன்ஸ் வழக்குப் போட்டார். பணியிடப் பாகுபாட்டுச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்க 180 நாள்தான் அவகாசம், அது எப்போதோ தாண்டிவிட்டதால் சிவில் உரிமைச் சட்டத்தின் வேறொரு பிரிவில் போட வேண்டி வந்தது. "இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாள்" என்று அப்போது பலர் கேட்டார்கள். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காலக்கெடுவின் கடைசி வாரத்தில்தான் வருகிறார்கள். வேலை போய்விடுமோ, வீட்டில் என்ன சொல்வார்களோ, யார் நம்புவார்கள் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் வருவார்கள். தாமதம் புகாரை உண்மையாக்காது. பொய்யாகவும் ஆக்காது.

பதவியில் இருக்கும்வரை தன் மீது சிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று கிளின்டன் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1997 மே 27 அன்று 9 நீதிபதிகளும் ஒருமித்து அதை நிராகரித்தார்கள். வழக்கு நடந்தால் ஜனாதிபதியின் நேரம் பெரிதாகப் போகாது என்று தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். அடுத்த இரண்டு வருஷம் நாடே அதில் மூழ்கிக் கிடந்தது, அதனால் அந்த வரியை இன்றும் பலர் சுட்டிக்காட்டிக் குறை சொல்கிறார்கள். ஆனால் தீர்ப்பின் அடிப்படை சரி என்றே நினைக்கிறேன். முதலாளி பெரிய ஆள் என்பதற்காக ஊழியரின் வழக்கை எட்டு வருஷம் உறைய வைத்தால், அதற்குள் சாட்சிகளின் நினைவு மங்கிவிடும், சிலர் இறந்தும் போவார்கள்.

அடுத்ததுதான் பலருக்குப் புரியாத இடம். ஜோன்ஸ் வழக்கில் லூயின்ஸ்கி எப்படி வந்தார்? இந்த மாதிரி வழக்கில் நேரில் பார்த்த சாட்சி அநேகமாக இருக்கவே மாட்டார், கதவுக்குள் இரண்டு பேர், அவர் ஒன்று சொல்வார், இவர் ஒன்று சொல்வார். அதனால் எதிராளி மற்ற பெண் ஊழியர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்று தேடுவோம். இணங்கினவருக்கு நல்ல வேலை கிடைத்ததா, இணங்காதவர் ஓரங்கட்டப்பட்டாரா என்று பார்ப்போம். இது வம்புப் பேச்சு இல்லை, நிரூபிக்கும் முறை. பாலியல் தாக்குதல் சம்பந்தமான வழக்குகளில் எதிராளியின் பழைய நடத்தையைச் சாட்சியமாக ஏற்பதற்குக் கூட்டாட்சி சாட்சிய விதிகளில் இடம் உண்டாக்கிய சட்டத்தில் 1994-ல் கையெழுத்திட்டவர் கிளின்டன்தான். ஜோன்ஸ் வழக்கை விசாரித்த நீதிபதி சூசன் வெபர் ரைட், அரசு ஊழியராக இருந்த மற்ற பெண்களைப் பற்றியும் கேட்கலாம் என்று 1997 டிசம்பரில் உத்தரவிட்டார். சாட்சிப் பட்டியலில் லூயின்ஸ்கியின் பெயர் வந்தது. உறவு எதுவும் இல்லை என்று 1998 ஜனவரி 7 அன்று அவர் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அது பொய். ஜனவரி 17 அன்று கிளின்டன் டெபொசிஷனில், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே வழக்கறிஞர்கள் சத்தியப் பிரமாணத்தின் பேரில் வாங்கும் சாட்சியத்தில், அதையே சொன்னார். இந்த இடத்தில் "அந்தரங்கம்தானே" என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவர் தன் வீட்டில் மனைவியிடம் பொய் சொல்வது வேறு. ஒரு பெண் ஊழியர் தொடுத்த வழக்கில், நீதிபதி கேட்கலாம் என்று அனுமதித்த கேள்விக்குப் பொய் சொன்னால், அந்தப் பொய்யின் பாரம் வழக்குப் போட்டவர் தலையில்தான் இறங்குகிறது. என் கட்சிக்காரர் ஒருவரின் வழக்கில் ஒரு மேலதிகாரி இப்படித்தான் நிதானமாக, சிரித்த முகத்தோடு பொய் சொன்னார். அதை உடைக்க எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று, அதற்குள் அந்தப் பெண் அந்தத் தொழிலையே விட்டுப் போய்விட்டார்.

அதே டெபொசிஷனில் நடந்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும், அது எங்கள் தொழில்காரர்கள் செய்த தவறு. "உறவு" என்றால் என்ன என்பதற்கு ஜோன்ஸின் வழக்கறிஞர்கள் எழுத்தில் ஒரு நீண்ட வரையறை கொண்டுவந்தார்கள். நீதிபதி அதில் இரண்டு பகுதிகளை அடித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்தார். மிச்சமிருந்த அந்த ஒரு பகுதியின் சொற்களுக்குள் புகுந்துதான், தான் செய்தது அந்த வரையறையில் அடங்காது என்று கிளின்டன் பின்னால் வாதிட்டார். என்ன நடந்தது என்று நேராக, சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டிருந்தால் அவருக்கு அந்தச் சந்து கிடைத்திருக்காது. புதிதாக வரும் இளம் வழக்கறிஞர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன்: சாட்சியின் கையில் வரையறையைக் கொடுக்காதே, எங்கே, எப்போது, யார் இருந்தார்கள், கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று கேள். அப்புறம் அந்த "இஸ்" என்ற சொல்லைப் பற்றிய பதில். ஆங்கிலத்தில் நிகழ்காலத்தைக் குறிக்கும் அந்தச் சின்னச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதைப் பொறுத்தது என்று கிளின்டன் சொன்னது உலகமெங்கும் கேலிக்கு ஆளானது. அது எதற்குப் பதில் என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. எந்த விதமான உறவும் "இல்லை" என்று டெபொசிஷனில் அவருடைய வழக்கறிஞர் நீதிபதியிடம் சொன்னார், கிளின்டன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், திருத்தவில்லை. ஏன் திருத்தவில்லை என்று ஏழு மாதம் கழித்து கிராண்ட் ஜூரி (குற்ற வழக்குத் தொடர ஆதாரம் உண்டா என்று பார்க்கும் குடிமக்கள் குழு) விசாரணையில் கேட்டபோது, அந்த நேரத்தில் உறவு முடிந்துபோயிருந்ததால் "இல்லை" என்பது உண்மைதானே என்றார். இலக்கணப்படி பார்த்தால் சரி. ஆனால் தன் வழக்கறிஞர் நீதிபதியைத் தவறாக நம்ப வைப்பதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தவரும் சட்டம் படித்த ஒரு வழக்கறிஞர்.

இப்போது நில பேரம். 1978-ல் கிளின்டன் தம்பதி ஆர்கன்சாவில் இன்னொரு தம்பதியோடு சேர்ந்து வாங்கிய நிலம் சம்பந்தப்பட்ட விவகாரம்தான் வொய்ட்வாட்டர். அதை விசாரிக்க 1994 ஆகஸ்டில் கென்னத் ஸ்டார் நியமிக்கப்பட்டார். ஜனாதிபதி நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1978-ல் வந்த சட்டப்படி, அரசாங்கத்துக்குக் கட்டுப்படாமல் இயங்கும் தனி வழக்கறிஞர் அவர். அந்தச் சட்டம் காலாவதியாகிக் கிடந்தது, 1994-ல் அதற்கு மறுபடி உயிர் கொடுத்ததும் கிளின்டனின் கையெழுத்துதான். 1998 ஜனவரி 12 அன்று லிண்டா டிரிப் என்பவர் ஸ்டாரின் அலுவலகத்தைத் தொடர்புகொண்டார். லூயின்ஸ்கியின் நம்பிக்கையைப் பெற்ற சக ஊழியர், அவரோடு பேசிய தொலைபேசி உரையாடல்களை ரகசியமாகப் பதிவு செய்து வைத்திருந்தார். நிலத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஸ்டார் தரப்பு காட்டிய இணைப்பு இது: வொய்ட்வாட்டரில் சாட்சி சொல்ல வேண்டியிருந்த வெப்ஸ்டர் ஹப்பல் என்பவருக்கு, கிளின்டனின் நண்பர் வெர்னன் ஜோர்டான் ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் குழுமம் வழியாகப் பணம் வர உதவியிருந்தார், அதே ஜோர்டான் அதே ரெவ்லானில் லூயின்ஸ்கிக்கும் வேலைக்கு ஏற்பாடு செய்தார், ஆக சாட்சியின் வாயை அடைக்க ஒரே முறையைக் கையாள்கிறார்கள் என்று சந்தேகித்தார்கள். அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரீனோ கேட்டுக்கொள்ள, மூன்று நீதிபதிகள் கொண்ட குழு ஜனவரி 16 அன்று விசாரணையை விரிவாக்க அனுமதி கொடுத்தது. ஆகவே ஸ்டார் தானாக வேலி தாண்டிக் குதித்தார் என்பது தவறு. ஆனால் நியமனத்துக்கு முன்பு ஜோன்ஸ் தரப்பு வழக்கறிஞரோடு அதே வழக்கைப் பற்றி அவர் பேசியிருந்தார், ரீனோவிடம் அனுமதி கேட்டபோது அதைச் சொல்லவில்லை. அனுமதி கிடைத்த ஜனவரி 16 இரவே டிரிப் தனக்குத் தெரிந்ததை ஜோன்ஸின் வழக்கறிஞரிடம் சொன்னார், மறுநாள் காலை டெபொசிஷனில் கேள்விகள் அவ்வளவு துல்லியமாக வந்தன. நடந்து முடிந்த குற்றத்தைப் பின்தொடர்வது ஒன்று, நாளை நடக்கப்போவதற்கு இன்றே காத்திருப்பது இன்னொன்று. ஸ்டார் தரப்பு செய்தது எனக்கு இரண்டாவதாகவே தெரிகிறது, ஆனால் இது என் ஊகம், எதிர்த்துப் பேச நல்ல வாதங்கள் உண்டு.

அந்த ஜனவரி 16-ல் நடந்ததுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. 24 வயது லூயின்ஸ்கியைத் தோழி டிரிப்பைச் சந்திக்க வரவழைத்து, வாஷிங்டனுக்கு அருகே ஒரு ஹோட்டல் அறையில் எஃப்பிஐ ஆட்களும் அரசுத் தரப்பு வழக்கறிஞர்களும் சூழ்ந்துகொண்டு, சுமார் 12 மணி நேரம் வைத்திருந்தார்கள். 27 வருஷம் சிறை வரும் என்று மிரட்டியதாக அவர் பின்னால் சொன்னார். அவருக்கு ஏற்கெனவே ஒரு வழக்கறிஞர் இருந்தார், அவரைக் கூப்பிட வேண்டாம் என்று மனதைக் கலைத்தார்கள். அன்றைய நடவடிக்கையில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் சரியான நிதானத்தோடு நடந்துகொள்ளவில்லை என்று 2000-ல் முடிந்த ஓர் உள் ஆய்வே சொன்னது, அந்த அறிக்கை பொதுமக்கள் கண்ணில் பட 2014 வரை ஆயிற்று. பிப்ரவரியில் அவருடைய அம்மாவைக் கிராண்ட் ஜூரி முன்னால் நிறுத்தி, மகள் தன்னிடம் நம்பிச் சொன்னதை எல்லாம் கேட்டார்கள், அவர் அங்கேயே உடைந்துபோனார். பாலியல் விவகாரத்தில் விசாரணை செய்கிறவருக்கு முதல் கடமை, அதிகாரம் குறைந்த ஆளை மேலும் நசுக்காமல் இருப்பது. இங்கே அந்தப் பெண் ஒரு மனுஷியாக நடத்தப்படவில்லை, ஜனாதிபதியைத் திறப்பதற்கான சாவியாக நடத்தப்பட்டார்.

சரி, எது உறுதி, எது சந்தேகம்? உறவு இருந்தது உறுதி: 1998 ஜூலை கடைசியில் லூயின்ஸ்கிக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு கொடுக்கப்பட்டது, அவர் ஒப்படைத்த நீல உடையில் இருந்த கறையின் டிஎன்ஏ கிளின்டனோடு பொருந்தியது, ஆகஸ்ட் 17 அன்று கிராண்ட் ஜூரியிலும் அன்றிரவு தொலைக்காட்சியிலும் தகாத உறவு இருந்ததாக அவரே ஒப்புக்கொண்டார். ஜோன்ஸ் வழக்கில் அவர் நேர்மையாகச் சாட்சி சொல்லவில்லை என்பதும் உறுதி: 1999 ஏப்ரலில் நீதிபதி ரைட் அவரை நீதிமன்ற அவமதிப்புக்கு ஆளானவராக அறிவித்து, பின்பு சுமார் 90,000 டாலர் கட்டச் சொன்னார். அந்த நீதிபதி ஒரு காலத்தில் கிளின்டனிடம் சட்டம் படித்த மாணவி. ஆனால் நீதிக்கு இடையூறு செய்தார் என்ற குற்றச்சாட்டு அத்தனை தெளிவானதில்லை. கிளின்டன் கொடுத்த பரிசுப் பொருள்கள் ஒரு பெட்டியில் போட்டு அவருடைய செயலாளர் பெட்டி கரியிடம் போய்ச் சேர்ந்தன. கரிதான் முதலில் கூப்பிட்டார் என்றார் லூயின்ஸ்கி, லூயின்ஸ்கிதான் கூப்பிட்டார் என்றார் கரி. பொய் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை, மௌனத்துக்குப் பதிலாக வேலை தருவதாக யாரும் சொல்லவில்லை என்று லூயின்ஸ்கி கிராண்ட் ஜூரியிலேயே சொல்லியிருக்கிறார். இதற்கு எதிர்ப்பக்கத்தில் என்னைப் பொறுத்தவரை மிகக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. டெபொசிஷன் முடிந்த மறுநாள் கிளின்டன் கரியை அழைத்து, "நாங்கள் தனியாக இருந்ததே இல்லை, நீ எப்போதும் பக்கத்தில் இருந்தாய், இல்லையா" என்கிற ரீதியில் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நினைவைச் சரிபார்த்துக்கொண்டேன் என்று பின்னால் விளக்கினார். பல அலுவலகங்களில் மேலதிகாரிகள் கீழே வேலை செய்கிறவர்களிடம் இப்படிப் பேசியதை விசாரித்திருக்கிறேன். வேலையில் இருக்கிறவருக்கு அது கேள்வியாகக் கேட்காது, உத்தரவாகக் கேட்கும்.

1998 செப்டம்பர் 9 அன்று ஸ்டாரின் அறிக்கை, 445 பக்கம், நாடாளுமன்றத்துக்குப் போனது, இரண்டே நாளில் இணையத்தில் உலகம் முழுக்கப் படித்தது. இம்பீச்மென்டுக்கு 11 காரணங்கள் இருக்கலாம் என்றது. வொய்ட்வாட்டர் நிலம் அதில் ஒரு காரணமாகக்கூட வரவில்லை. பொய்ச்சாட்சியத்தை நிரூபிக்க ஓரளவு விவரம் தேவைதான், எந்தச் செயல் வரையறையில் அடங்கும் என்பது வழக்கின் மையம் ஆகிவிட்டது. ஆனால் அந்த அறிக்கையில் ஒரு பெண்ணின் உடலைப் பற்றி எழுதப்பட்ட அளவு, நிரூபிக்கத் தேவையான அளவைத் தாண்டி வெகுதூரம் போனது. அதை மூடி முத்திரையிட்டுக் கமிட்டிக்கு மட்டும் காட்டியிருக்க முடியும். டிசம்பர் 19 அன்று பிரதிநிதிகள் சபை இரண்டு குற்றச்சாட்டுகளை நிறைவேற்றியது: கிராண்ட் ஜூரியில் பொய்ச்சாட்சியம் 228-க்கு 206, நீதிக்கு இடையூறு 221-க்கு 212. ஜோன்ஸ் வழக்கில் சொன்ன பொய்யைப் பற்றிய தீர்மானம் 205-க்கு 229 என்று தோற்றது. இதைக் கவனியுங்கள். ஒரு ஊழியருக்கு நேரடியாகத் தீங்கு செய்த பொய் அதுதான், அதைத்தான் சபை கைவிட்டது. 1999 பிப்ரவரி 12 அன்று செனட்டில் பொய்ச்சாட்சியத்துக்கு 45, இடையூறுக்குச் சரிபாதியாக 50 வாக்குகள் விழுந்தன. பதவி நீக்கத் தேவை 67. கிளின்டன் பதவியில் தொடர்ந்தார்.

மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதும் விசித்திரம் இல்லை, புரிந்துகொள்ளக் கூடியதுதான். சபை வாக்களித்த அதே நாட்களில் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் அவருடைய நிர்வாகத்துக்கு 73 சதவீத ஆதரவு. அவர் பொய் சொன்னார் என்று தெரிந்தே மக்கள் அப்படிச் சொன்னார்கள். விசாரிக்கிறவர்கள் நியாயத்துக்காக வந்தவர்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. இம்பீச்மென்டை முன்னின்று நடத்திய குடியரசுக் கட்சியில், சபாநாயகராக வரவிருந்த பாப் லிவிங்ஸ்டன் தன் திருமணத்துக்கு வெளியே இருந்த உறவுகள் வெளிவந்ததால் வாக்கெடுப்பு நாளிலேயே விலகினார். அவருக்குப் பதில் சபாநாயகரான டென்னிஸ் ஹாஸ்டர்ட், முன்பு பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளராக இருந்தபோது மாணவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததை மறைக்கப் பணம் கொடுத்த விவகாரத்தில், வங்கிச் சட்டத்தை மீறியதற்காக 2016-ல் 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். மறுபக்கமும், கிளின்டனின் ஜனநாயகக் கட்சிப் பக்கமும், சுத்தமாக இல்லை. 1991-ல் உச்ச நீதிமன்ற நீதிபதியாக முன்மொழியப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் மீது, முன்பு அவரிடம் வேலை செய்த அனிதா ஹில் பாலியல் தொல்லைப் புகார் சொன்னபோது அவரை நம்புங்கள் என்று தெருவில் நின்ற பலர், ஜோன்ஸ் விஷயத்தில் அவருடைய படிப்பையும் உடையையும் பேச்சையும் கிண்டல் செய்வதை வேடிக்கை பார்த்தார்கள். புகார் சொல்கிறவரை எடைபோடும் தராசு, குற்றம் சாட்டப்பட்டவர் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்து மாறியது. அன்றைக்குப் பணியிட வழக்குகளில் இருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் மிகப் பெரிய நஷ்டம்.

இத்தனை பேர், இத்தனை மாதம், இத்தனை பக்கம். ஆனால் வேலை கொடுக்கிற இடத்தில் ஒருவர் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. 1995 நவம்பரில் உறவு ஆரம்பித்தபோது லூயின்ஸ்கிக்கு 22 வயது, வெள்ளை மாளிகையில் சம்பளமில்லாத பயிற்சி ஊழியர். கிளின்டனுக்கு 49. 1996 ஏப்ரலில், அவர் ஜனாதிபதியின் அறைப் பக்கம் அதிகம் சுற்றுகிறார் என்று அதிகாரிகள் அவரைப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனுக்கு மாற்றினார்கள். மாற்றப்பட்டது யார் என்று பாருங்கள். "அவர் சம்மதித்தார்" என்பதோடு இரண்டு தரப்பும் நிறுத்திக்கொண்டன. எங்கள் சட்டத்தில் கேள்வி வேறு. 1986-ல் மெரிட்டர் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஊழியர் தானாக இணங்கினாரா என்று மட்டும் பார்க்காதே, அந்த அணுகுமுறையை அவர் விரும்பினாரா என்று பார் என்பதுதான். அந்தத் தீர்ப்பை எழுதியவர் வில்லியம் ரென்க்விஸ்ட், பிற்பாடு தலைமை நீதிபதியாக கிளின்டனின் செனட் விசாரணைக்குத் தலைமை வகித்தவரும் அவரே. லூயின்ஸ்கி தான் விரும்பினதாகவே சொன்னார், ஆகவே சட்டப்படி அது தொல்லை வழக்கு ஆகாது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சட்டக் குற்றம் இல்லை என்பதாலேயே முறைகேடு இல்லை என்று ஆகிவிடுமா? எந்த நிறுவனமும் தலைமை அதிகாரி தன் அலுவலகத்துப் பயிற்சிப் பெண்ணோடு உறவு வைத்தால் அவரைத்தான் விசாரிக்கும். வெள்ளை மாளிகை ஊழியர்களுக்குப் பணியிடச் சட்டங்களை முழுமையாக நீட்டிய சட்டம் 1996-ல்தான் வந்தது, 1997 அக்டோபரில்தான் அமலுக்கு வந்தது. அந்தப் பெண் போய்ச் சொல்ல அங்கே ஓர் அறைகூட இல்லாத காலம் அது. 2014-ல் எழுதியபோதும் அது இருவர் சம்மதத்தோடு நடந்தது என்றே லூயின்ஸ்கி சொன்னார். 2018-ல், இருவருக்கும் இடையே இருந்த அதிகார வித்தியாசத்தை யோசித்தால் சம்மதம் என்ற சொல்லே அங்கே எந்த அளவுக்குப் பொருந்தும் என்று தான் இப்போதுதான் யோசிக்க ஆரம்பித்திருப்பதாகவும், அது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்றும் எழுதினார். என்னிடம் வருகிறவர்கள் பலரும் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து இப்படி மனம் மாறிப் பேசியிருக்கிறார்கள். 22 வயதில் அது காதலாகவே தெரியும், அந்தத் தலைவரின் வயதை அடையும்போதுதான் அவர் எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று தெரியும்.

இன்றைக்கு இப்படி ஒரு புகார் வந்தால் எப்படிப் போக வேண்டும் என்று கேட்டால், நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ விஷயத்தில் 2021-ல் நடந்ததை ஓரளவுக்குக் காட்டுவேன். மாநில அட்டர்னி ஜெனரல் வெளியிலிருந்து வழக்கறிஞர்களை நியமித்தார், அவர்கள் ஏறத்தாழ ஐந்து மாதத்தில் 179 பேரிடம் பேசி, 165 பக்க அறிக்கையில் 11 பெண்களுக்குத் தொல்லை கொடுத்தார் என்று முடிவு சொன்னார்கள். கேள்வி ஒன்றுதான்: வேலை செய்த இடத்தில் இவர்களுக்கு என்ன நடந்தது. குவோமோ மறுத்தார், அரசியல் என்றார், ஆனாலும் ஆகஸ்டில் பதவி விலகினார். கிரிமினல் வழக்கு எதுவும் தண்டனையில் முடியவில்லை, அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மை. பணியிட விசாரணையின் முடிவும் கிரிமினல் நீதிமன்றத்தின் தீர்ப்பும் ஒன்றல்ல, நிரூபிக்க வேண்டிய அளவே வேறு. தனி வழக்கறிஞர் சட்டம் 1999 ஜூனில் காலாவதியாகி அப்படியே விடப்பட்டது. அதைப் புதுப்பிக்க வேண்டாம் என்று செனட்டில் வந்து சொன்னவர்களில் ஸ்டாரும் ஒருவர்.

பதவியைப் பறித்திருக்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். செனட் அவரை நீக்காமல் விட்டதில் எனக்குக் குறை இல்லை, அப்படிப்பட்ட ஒரு விசாரணையின் முடிவில் மக்கள் தேர்ந்தெடுத்தவரை இறக்கியிருந்தால், அந்த வழிமுறையே அடுத்தவருக்கும் பாதையாகியிருக்கும். ஆனால் அவரே விலகியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், பொய் சொன்னார் என்பதற்காக மட்டும் இல்லை, தன் கீழ் வேலைக்கு வந்த பெண்ணிடம் அப்படி நடந்துகொண்டதற்கும், அவர் பெயர் வெளிவந்தவுடன் தொலைக்காட்சியில் "அந்தப் பெண்" என்று விரலை நீட்டிச் சொல்லி அவரைப் பொய்யாக்கியதற்கும். பதவியின் கடைசி நாளுக்கு முந்தின நாள், 2001 ஜனவரி 19 அன்று, ஜோன்ஸ் வழக்கில் தவறான எண்ணம் உண்டாகும்படி மழுப்பலாகப் பதில் சொன்னதை ஒப்புக்கொண்டு, ஆர்கன்சாவில் வழக்கறிஞர் உரிமத்தை ஐந்து வருஷம் இழக்கவும் 25,000 டாலர் அபராதம் கட்டவும் சம்மதித்தார். பதிலுக்கு, ஸ்டாருக்குப் பின் வந்த வழக்கறிஞர் கிரிமினல் வழக்கு இல்லாமல் கோப்பை மூடினார்.

ஜோன்ஸின் வழக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை, அநேகமாக யாரும் கேட்பதில்லை. 1998 ஏப்ரல் 1 அன்று நீதிபதி ரைட் அதை ஜூரி விசாரணைக்கு அனுப்பாமலே தள்ளுபடி செய்தார். ஜோன்ஸ் சொன்னது அத்தனையும் உண்மை என்று வைத்துக்கொண்டாலும் அது அருவருப்பான நடத்தைதான், ஆனால் வேலையில் அவருக்கு இழப்பு ஏற்பட்டதாகக் காட்டவில்லை, அதனால் சட்டப்படி வழக்கு நிற்காது என்பது தீர்ப்பு. ஜோன்ஸ் மேல்முறையீடு செய்தார், அது நிலுவையில் இருக்கும்போதே நவம்பரில் மன்னிப்பும் ஒப்புதலும் இல்லாமல் 8,50,000 டாலருக்குச் சமரசம் ஆனது, அதில் பெரும்பகுதி வழக்கறிஞர்களுக்குப் போனது. 1991 மே 8 அன்று அந்த ஹோட்டல் அறையில் என்ன நடந்தது என்பதை எந்த ஜூரியும் உட்கார்ந்து கேட்கவில்லை.